கோணற் சாதனங்களும் இயக்கியின் புறனடையும்



கணிப்பொறியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தையும் ஞாபக சக்தியையும், அண்மைக் காலத்தில் அதன் புத்தி சாதுர்யத்தையும் பற்றியே பேசுகிறார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அவற்றுக்கெல்லாம் அடித்தளத்தில், ஒருவர் கண்ணிலும் படாமல் நடைபெறும் ஒரு காரியம். விதிநூல் ஒன்றைச் சொல்ல, அந்த விதிநூலின்படியே செய்யப்பட்டதாகப் பெட்டியின்மேல் அச்சிட்டுக்கொண்டு வரும் சாதனம் வேறொன்றைச் செய்யும்போது, இயங்குதளத்துக்கும் சாதனத்துக்கும் நடுவே நிற்கும் இயக்கி, அதாவது டிரைவர் என்று நாம் அன்றாடம் வழங்கும் நிரல், என்ன செய்கிறது, என்ன செய்யவேண்டும் என்பதே அது. உதாரணங்களைப் பெரும்பாலும் லினக்ஸிலிருந்தே எடுக்கப்போகிறேன். 1991இல் ஹெல்சிங்கி நகரத்தில் லினஸ் டார்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய அந்த இயங்குதளத்தின் மூலநிரல் யாவரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டிருப்பதால், பிற ஸ்தாபனங்களில் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் காரியம் அங்கே நம் கண்முன்னே நடக்கிறது.

முதலில் ஒரே ஒரு கோணலை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். பென் டிரைவையோ கேமராவையோ யு.எஸ்.பி. துளையில் செருகியதும் இயங்குதளம் அதனிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, அதன் கொள்ளளவு எவ்வளவு என்பது. இத்தகைய சாதனங்களின் சேமிப்பிடம் பெரும்பாலும் 512 பைட் கொண்ட செக்டர்களாகப் பகுக்கப்பட்டு, சுழியத்திலிருந்து வரிசையாக எண்ணிடப்பட்டிருக்கிறது. விதிநூல் வேண்டுவது கடைசிச் செக்டரின் எண்ணை. ஆகவே ஆயிரம் செக்டர் உள்ள சாதனம் 999 என்று விடை சொல்லவேண்டும். ஆனால் விதிநூலை அவசரமாகப் புரட்டிய பொறியாளர்கள் பலர், செக்டர்களின் மொத்தத் தொகையையே அது கேட்பதாகக் கொண்டு, 1000 என்று சொல்லும்படி சாதனத்தின் உள்நிரலை எழுதிவிட்டார்கள். இயங்குதளமோ விதியை நம்பி, வந்த விடையோடு ஒன்றைக் கூட்டி, இல்லாத ஒரு செக்டரும் இருப்பதாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது.

ஒன்று கூடியதால் என்ன குடிமுழுகிவிட்டது என்று தோன்றலாம். டிஸ்க்கின் பகுதிப் பட்டியலை எழுதிவைக்கும் இக்காலத்து முறையில் அந்தப் பட்டியலின் காப்புப் பிரதி கடைசிச் செக்டரில்தான் இருக்கும். ஆகையால், பயனர் ஒரு கோப்பையும் திறப்பதற்கு முன்பே, இயங்குதளம் தானாகவே போய் அந்தக் கடைசி இடத்தைப் படிக்க முயல்வதுண்டு. அப்படியோர் இடம் இல்லை என்று ஒழுங்கான சாதனம் பிழைச் செய்தி அனுப்பிவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். ஆனால் எண்ணிக்கையில் தவறிய உள்நிரல் பிழையைச் சொல்வதிலும் தவறுவதே சகஜம். இல்லாத செக்டரைக் கேட்ட மாத்திரத்தில் சில சாதனங்கள் வாயடைத்துப்போய், பிடுங்கி மறுபடி செருகும்வரை எந்தக் கட்டளைக்கும் மறுமொழி தருவதில்லை. செருகியதும் விளக்கு எரிந்தது, பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்பது ஒன்றுதான் பயனருக்குத் தெரியும். அதே சாதனம் பக்கத்து வீட்டு விண்டோஸில் சரியாக வேலை செய்வதைக் கண்டதும், பழி முழுவதையும் லினக்ஸின்மேல் போடுவார். அவர் பார்வையில் அது நியாயந்தான்.

இதற்கு லினக்ஸ் கண்ட பரிகாரம் ஓர் அட்டவணை. ஒவ்வொரு யு.எஸ்.பி. சாதனமும் தன்னைப் பற்றிய 18 பைட் குறிப்பு ஒன்றை வைத்திருக்கிறது. செய்தவர் யார், மாதிரி எது, எத்தனையாவது திருத்தம் என்பவற்றுக்குத் தனித்தனி எண்கள் அதில் உண்டு. இன்ன கம்பெனி, இன்ன மாதிரி, இந்தத் திருத்தம் முதல் இந்தத் திருத்தம் வரை ஆயின் கொள்ளளவில் ஒன்றைக் குறைத்துக்கொள்க என்று ஒரு வரி அட்டவணையில் சேர்க்கப்படுகிறது. நம் இலக்கண ஆசிரியர்கள் விதிகளை வகுத்தபின், அவற்றுக்குள் அடங்காமல் உலக வழக்கில் நிலைத்துவிட்டவற்றைத் தழுவிக்கொள்வதற்கென்று புறனடைச் சூத்திரம் செய்துவைத்தார்கள் அல்லவா? அந்த அட்டவணையின் வரிகள் அத்தகையனவே. தொழிலில் இருப்பவர்கள் இவற்றைக் ‘குவிர்க்’ என்பார்கள். நான் புறனடை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அட்டவணையில் ஏறாத சாதனத்துக்கு என்ன செய்வது? அங்கே அனுமானப் பிரமாணம் உதவுகிறது. உண்மையான சேமிப்புச் சாதனத்தின் செக்டர் தொகை ஏறக்குறைய எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும். ஆகவே, இந்தத் தவற்றைப் பலமுறை செய்த சில கேமரா, செல்பேசிக் கம்பெனிகளின் சாதனம் ஒன்று, கணக்கிட்ட பின் ஒற்றைப்படைத் தொகையைத் தருமானால், ஒன்று கூடியிருக்கிறது என்று கொண்டு குறைத்துவிடும்படி எழுதியிருக்கிறார்கள். இன்னொரு வகைச் சாதனம் உண்டு. அட்டை படிக்கும் கருவிகளுள் சில, கொள்ளளவைச் சரியாகவே சொல்லும்; ஆனால் கடைசிச் செக்டரை மற்றவற்றோடு சேர்த்து ஒரே மூச்சில் கேட்டால் தடுமாறும், தனியே கேட்டால் ஒழுங்காகத் தந்துவிடும். அவற்றுக்காக, டிஸ்க்கின் இறுதி எட்டுச் செக்டர்களை மட்டும் ஒவ்வொன்றாகப் படிக்கும் வழக்கத்தை லினக்ஸ் மேற்கொண்டிருக்கிறது. ஜெனிசிஸ் லாஜிக் என்ற கம்பெனியின் இடைமுகச் சிப் ஒன்றுக்குக் கட்டளையைப் பெற்றபின் தரவைத் தொடங்குவதற்குள் 100 மைக்ரோசெகண்டு அவகாசம் வேண்டும்; விதிநூலில் அப்படியோர் அவகாசம் இல்லை. அந்தச் சிப் உள்ள சாதனங்களுக்கு லினக்ஸ் சற்றுத் தாராளமாகவே 125 மைக்ரோசெகண்டு காத்திருக்கிறது. கடிகார வேகம் சிப்புக்குச் சிப் சிறிது மாறுபடுவதால் அந்த 25 உபரி.

இத்தகைய கோணல்கள் ஏன் உண்டாகின்றன என்று விசாரிக்கும்போது, செய்தவர்களின் அசிரத்தை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. சாதனம் செய்கிறவர் ஒருவர், அதனுள்ளிருக்கும் சிப்பைச் செய்கிறவர் வேறொருவர், உள்நிரலை எழுதிக் கொடுத்தவர் மூன்றாமவர். விலையோ சில ரூபாய் ஏறினாலும் சந்தை கைவிட்டுப் போய்விடும். உள்நிரல் சிப்பிலேயே பதிந்து லட்சக்கணக்கில் வெளிவந்தபின், பிழை தெரிந்தாலும் திருத்த வழியில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காரணம் உண்டு. விதிநூலோடு சாதனத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது கடினமான காரியம். விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் செருகிப் பார்ப்பது சுலபம். அங்கே வேலை செய்துவிட்டால் பரீட்சை முடிந்தது என்று பெட்டியில் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். இவ்வாறு, விண்டோஸ் எந்த வரிசையில் எந்தக் கேள்வியைக் கேட்கிறதோ அந்த வரிசையே, எவரும் எழுதாத இரண்டாவது விதிநூலாக ஆகிவிடுகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று, யு.எஸ்.பி. சாதனம் ஒன்று செருகப்பட்ட முதற் கணத்தில் நடப்பது. சாதனம் ஒரே தடவையில் எத்தனை பைட் அனுப்பும் என்பது இயங்குதளத்துக்கு அப்போது தெரியாது. 8, 16, 32, 64 என்ற அளவுகளில் ஒன்றாக இருக்கலாம். அந்த அளவு, முன்சொன்ன 18 பைட் குறிப்பின் எட்டாவது பைட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதலில் எட்டே எட்டுப் பைட் கேட்டு அளவை அறிந்துகொண்டு, பிறகு முழுக் குறிப்பையும் கேட்பது லினக்ஸின் பழைய முறை. விதிக்குப் பொருந்திய முறை. விண்டோஸோ எடுத்த எடுப்பிலேயே 64 பைட் கேட்டு, வந்ததை வாங்கிக்கொண்டு, சாதனத்தை ஒருமுறை மீட்டமைத்து, அதன் பின்பே அதற்கு முகவரி கொடுத்தது. இரண்டும் விதிப்படி செல்லும். ஆனால் 64 பைட் கேட்கப்படுவதை மட்டுமே தம் வாழ்நாளில் அறிந்திருந்த சாதனங்கள் சில, எட்டுப் பைட் கேட்கப்பட்டதும் திகைத்து நின்றன. எனவே லினக்ஸும் விண்டோஸின் முறையை மேற்கொண்டு, அது பலிக்காதபோது பழைய முறைக்குத் திரும்பும் ஏற்பாட்டைச் செய்துகொண்டது. லினக்ஸ் கணிப்பொறியில் பழுதான கேபிளோடு மல்லாடியவர்களுக்கு, ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட் 64, எர்ரர் -71’ என்று பதிவில் திரும்பத் திரும்ப வரும் செய்தி பழக்கமானதாக இருக்கும். அதிலுள்ள 64 இந்தச் சரித்திரத்தின் தடயமே.

விண்டோஸுக்கும் இந்தத் தொல்லை இல்லாமலில்லை. மைக்ரோசாப்ட் தன் சொந்தத் தேவைக்காக, சாதனத்திடம் 238 என்ற எண்ணுள்ள எழுத்துக் குறிப்பு இருக்கிறதா என்று கேட்கும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியது. அப்படியொரு குறிப்பைக் கனவிலும் எதிர்பாராத சாதனம் அந்தக் கேள்வியிலேயே செயலற்றுப் போகக்கூடும். ஆகையால் விண்டோஸ், ஒரு மாதிரியிடம் முதன்முறை மட்டுமே கேட்டு, சரியான விடை வராவிட்டால் அதைத் தன் பதிவேட்டில் குறித்துவைத்து, அந்த மாதிரியிடம் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அட்டவணையை மனிதர் எழுதாமல் இயந்திரமே எழுதிக்கொள்ளும் முறை இது. நான் இதைச் சிறந்த உபாயம் என்றே மதிக்கிறேன்.

வெளியிலிருந்து செருகும் சாதனங்களைவிடக் கணிப்பொறியின் தாய்ப்பலகையோடு பிறந்த உள்நிரல் இன்னும் விசித்திரமான நிலைமையை உண்டாக்கிவிட்டது. மின்சார நிர்வாகம், மூடியைத் திறந்து மூடுவது, விசிறியின் வேகம் முதலியவற்றுக்காக 1996இல் வகுக்கப்பட்ட ஏ.சி.பி.ஐ. விதிநூலில், உள்நிரல் இயங்குதளத்தை நோக்கி, இன்ன பெயருடைய இடைமுகம் உன்னிடம் உண்டா என்று கேட்க இடம் வைத்திருக்கிறார்கள். அதைக் கணிப்பொறி செய்வோர், நீ விண்டோஸின் எந்தப் பதிப்பு என்று கேட்பதற்கே பயன்படுத்திக்கொண்டார்கள். லினக்ஸ் உண்மையைச் சொல்லி, தன் பெயரைக் கேட்டபோது ஆம் என்று பதிலளித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அதன் விளைவு, அந்தப் பதிலுக்காகத் தனியே எழுதப்பட்டு, சரியாகப் பரீட்சிக்கப்படாத ஒரு கிளை வழியில் உள்நிரல் போய்விடுவதாக முடிந்தது. லினக்ஸோ இடையறாது மாறிக்கொண்டிருப்பது. ஒரு பதிப்புக்குப் பொருந்திய கிளை அடுத்த பதிப்புக்குப் பொருந்தவில்லை. ஆகவே இன்று லினக்ஸ், விண்டோஸ் 7இன் பெயரையும் 8இன் பெயரையும் 10இன் பெயரையும் சொல்லிக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆம் என்கிறது. தன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்கிறது. சத்தியத்தில் பற்றுள்ளவர்களுக்கு இது உறுத்தும். எனினும், கேள்வியின் எழுத்து ஒன்றாகவும் கேட்பவர் கருதும் பொருள் வேறாகவும் இருக்கும்போது, கருதிய பொருளுக்குப் பதில் சொல்வதே ஏற்றது என்பது என் அபிப்பிராயம்.

இந்தத் துறையில் இன்னொரு சங்கடம். குறிப்பிட்ட மடிக்கணினிக்கு மட்டும் ஒரு புறனடை எழுதவேண்டுமானால், இது எந்தக் கணினி என்று அறியவேண்டும். அதற்காகவே செய்தவர் பெயரும் மாதிரியின் பெயரும் எழுதிவைக்கும் இடங்கள் உள்நிரலில் உண்டு. ஆயின் எத்தனையோ தாய்ப்பலகைகளில் அந்த இடத்தைப் படித்துப் பார்த்தால், ‘டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.’, அதாவது தயாரிப்பாளர் நிரப்பவேண்டியது, என்ற மாதிரி வாசகமே நிரப்பப்படாமல் அச்சடித்தாற்போல் நிற்கிறது. ஊர் பேர் தெரியாத இந்தப் பலகைகளுக்குப் புறனடை எழுதுவது எப்படி? ஒன்றுக்கு எழுதினால் அதே வாசகம் தாங்கிய நூறுக்கும் அது பொருந்திவிடுமே! உள்நிரல் எழுதப்பட்ட தேதி, பலகையின் பெயர் என்று வேறு அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் தீர்க்கவேண்டியிருக்கிறது.

கோணல்களின் வகை ஏராளம். சிலவற்றைப் பெயரளவில் தொட்டுச் செல்கிறேன். என்.சி.ஆர். கம்பெனியின் ஸ்கஸி சிப் ஒன்றின் முதல் திருத்தம், தான் எந்த இனத்துச் சாதனம் என்பதைச் சொல்லவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டது; லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைச் சேமிப்பு இனத்தில் சேர்த்து எழுதிக்கொள்கிறது. திரையின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் சொல்லவேண்டிய மானிட்டர்கள் சில சென்டிமீட்டரில் சொல்கின்றன. உலகில் வேறெதற்கும் இல்லாத அடையாள எண் ஒன்று ஒவ்வொரு என்.வி.எம்.இ. டிஸ்க்குக்கும் உரியது என்று விதி இருக்க, ஒரே எண்ணைத் தாங்கி ஆலையிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்த டிஸ்க்குகள் உண்டு. அவற்றின் எண்ணை நம்பவேண்டாம் என்று ஒரு கொடி வைத்திருக்கிறார்கள். மவுஸ்களில் ஒரு வகை, தன்னை யாரும் கவனிக்கவில்லையென்றால் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை தானே இணைப்பை அறுத்துக்கொண்டு திரும்ப இணைகிறது. யாரும் அதைப் பயன்படுத்தாதபோதும் கெர்னல் அதை ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருப்பதுதான் அதற்கு மருந்து.

புறனடை பெருகிக்கொண்டே போகும்போது, விதியையே மாற்றிவிடுவதா என்ற கேள்வி எழுகிறது. யு.எஸ்.பி. சாதனம் சும்மா இருக்கும்போது அதை உறங்கவைத்து மின்சாரத்தைச் சேமிக்கலாம் என்பது விதிநூல் தரும் வசதி. லினக்ஸ் அதை எல்லாச் சாதனங்களுக்கும் இயல்பாகவே நடைமுறைப்படுத்திப் பார்த்தது. உறங்கியபின் எழத் தெரியாத பிரிண்டர்களும் ஸ்கேனர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் புகாருக்கு வந்தன. அட்டவணையின் வால் நீள்வதைக் கண்டவர்கள் முறையைத் தலைகீழாக்கினார்கள்: எதையும் உறங்கவைப்பதில்லை, யு.எஸ்.பி. ஹப் போன்று நம்பத்தக்கது என்று தெரிந்ததை மட்டும் உறங்கவைக்கலாம். பிறழ்வோரைப் பட்டியலிடுவதா, ஒழுங்கானோரைப் பட்டியலிடுவதா என்பது, பிறழ்ந்தால் நேரும் நஷ்டம் எவ்வளவு, எத்தனை பேர் பிறழ்கிறார்கள் என்ற இரண்டையும் சீர்தூக்கித்தான் நிர்ணயிக்கத்தக்கது.

இப்போது, இந்த விஷயத்திலேயே என் மனத்தை அதிகமாகப் பாதித்த ஒரு சம்பவத்துக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலுள்ள எஃப்.டி.டி.ஐ. என்ற ஸ்தாபனம், கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையைப் பழைய சீரியல் இணைப்பாக மாற்றித் தரும் சிப்களுக்குப் பேர்போனது. பரிசோதனைச் சாலைக் கருவிகளிலும், மாணவர்கள் பழகும் மின்னணுப் பலகைகளிலும், ஆலை இயந்திரங்களிலும் அவை பரவலாக இருக்கின்றன. அவற்றைப் போலவே முத்திரை பொறித்த போலிச் சிப்களும் சந்தையில் மலிந்தன. போலியும் கணிப்பொறியிடம் அசலின் எண்களையே, அதாவது 0403 என்ற கம்பெனி எண்ணையும் 6001 என்ற மாதிரி எண்ணையும், சொல்லி அசலின் இயக்கியையே பயன்படுத்திக்கொண்டது. 2014 அக்டோபரில், விண்டோஸின் தானியங்கிப் புதுப்பிப்பு வழியாக அந்த ஸ்தாபனத்தின் புதிய இயக்கி ஒன்று உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. அசல் சிப் தன் நிலைநினைவில் எழுதும் கட்டளைகளை இணை இணையாக ஏற்பது. போலி ஒவ்வொன்றாக ஏற்பது. அந்த நுட்பமான வேற்றுமையைப் பயன்படுத்தி, அசலின்மேல் ஒரு பாதிப்பும் இல்லாமலும், போலியின்மேல் மட்டும் அதன் மாதிரி எண் சுழியமாக மாறும்படியும் அந்த இயக்கி எழுதப்பட்டிருந்தது. எண் சுழியமான சிப்பை அந்தக் கணிப்பொறி மட்டுமன்று, வேறெந்தக் கணிப்பொறியும் அடையாளம் காணவில்லை. தாம் வாங்கிய கருவிக்குள் இருப்பது போலி என்று கனவிலும் அறியாதவர்களின் கருவிகள் ஒரே நாளில் முடங்கின.

போலியால் அந்த ஸ்தாபனத்துக்கு நேர்ந்த நஷ்டம் மெய்யானது. அதன் கோபமும் நியாயமானது. ஆனால் தண்டனை போய்ச் சேர்ந்தது போலி செய்தவனிடம் அன்று. விலை கொடுத்து வாங்கிய மூன்றாமவரிடம். கண்டனம் வலுத்தபின் அந்த இயக்கி திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. அதே சிப்களுக்கான லினக்ஸ் இயக்கியின் அட்டவணையில், 0403 என்ற கம்பெனி எண்ணோடு சுழியம் என்ற மாதிரி எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்து, முடக்கப்பட்ட சிப்களையும் முன்போலவே வேலை செய்யும்படி அந்த ஆண்டிலேயே செய்துவிட்டார்கள். இயக்கியின் தர்மம் எது என்று என்னைக் கேட்டால் இந்த ஒரு வரியையே காட்டுவேன். தன் முன் வந்து நிற்பது விதிப்படி பிறந்ததா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் இயக்கிக்குக் கிடையாது. அதைச் செருகியவர் கருதிய காரியத்தை நடத்திக் கொடுப்பதே அதன் பணி.

இதற்கு ஆட்சேபம் உண்டு, அது அற்பமானதன்று. 1981இல் டி.சி.பி. என்ற இணைய நெறிமுறையின் விதிநூலில் ஜான் போஸ்டல், தான் அனுப்புவதில் கண்டிப்பும் பிறரிடமிருந்து ஏற்பதில் தாராளமும் வேண்டும் என்ற கருத்தைப் பதித்தார். அந்தத் தாராளத்தால்தான் பிழையான சாதனங்கள் சந்தையில் நிலைக்கின்றன, கண்டிப்பாக மறுத்திருந்தால் செய்தவர்கள் திருந்தியிருப்பார்கள் என்று வாதிப்போர் பலர். நெறிமுறைகள் வகுக்கும் ஆரம்ப நாட்களில், எல்லா இயங்குதளங்களும் ஒருமனதாக மறுக்குமானால், இந்த வாதம் செல்லும். லட்சம் சாதனம் விற்றுத் தீர்ந்தபின், ஓர் இயங்குதளம் மட்டும் மறுப்பதால், செய்தவருக்கு ஒரு பாதிப்பும் இல்லை. ஏற்கெனவே வாங்கியவருக்கே பாதிப்பு. ஆகவே கண்டிப்பைக் காட்டவேண்டிய இடம் சாதனம் சந்தைக்கு வருமுன் நடக்கும் பரீட்சை. இயக்கி அன்று என்பதே என் முடிவு.

எனினும் தாராளத்துக்கும் ஓர் அபாயம் உண்டு. சாதனங்களின் கோணலைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள், எந்தக் கோளாறு வந்தாலும் சாதனத்தின்மேலேயே சந்தேகப்படத் தொடங்குகிறார்கள். 2015இல் ஆல்கோலியா என்ற தேடற்சேவை நிறுவனத்தின் சர்வர்களில் கோப்புகள் காரணம் தெரியாமல் கெட்டுக்கொண்டிருந்தன. நல்ல தரவின் நடுவே வெறும் சுழியங்கள் தோன்றின. நீக்கப்பட்ட இடங்கள் இவை என்று டிஸ்க்குக்கு அறிவிக்கும் டிரிம் என்ற கட்டளை வரும்போதே கேடு நேர்கிறது என்பதை அதன் பொறியாளர்கள் பெருமுயற்சியால் கண்டுபிடித்து, சாம்சங்கின் எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகளே பழுதானவை என்று வெளியிட்டார்கள். சாம்சங்கின் பொறியாளர்கள் அதே நிலைமையைத் தங்கள் சாலையில் உண்டாக்கி ஆராய்ந்தபோது, பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும் லினக்ஸின் பகுதியில், டிரிம் கட்டளையைக் கூறுபோடும் இடத்தில் இருந்த பிழை வெளிப்பட்டது. டிஸ்க் தனக்குச் சொல்லப்பட்ட இடத்தையே அழித்திருக்கிறது. இடத்தைத் தவறாகச் சொன்னது கெர்னல். அதே ஆண்டில், அதே கம்பெனியின் 8 வரிசை டிஸ்க்குகளில், டிரிமை மற்றக் கட்டளைகளோடு வரிசையில் நிறுத்தி அனுப்பும் முறை சரியாக நடக்கவில்லை என்பதற்காக ஒரு புறனடையும் கெர்னலில் ஏறியது. அது வேறு கோளாறு. இரண்டும் ஒரே கட்டளையைப் பற்றியவை, ஒரே கம்பெனியின் டிஸ்க்கைப் பற்றியவை. ஒன்றில் தவறு டிஸ்க்கினது, மற்றதில் தவறு கெர்னலுடையது. இவற்றைப் பிரித்தறியும் பொறுமை இல்லாதவர் புறனடை எழுதப் புகலாகாது. மெய்யான பிழையை மூடி மறைக்கும் திரையாகவே அவர் எழுதும் வரி ஆகிவிடும்.

புறனடை எழுதுகிற மாணவர்களுக்கு, ஆகையால், ஒரு வேண்டுகோள். எந்தத் திருத்தத்தில் கோணலைக் கண்டீர்களோ அந்தத் திருத்த எண்ணோடு வரியை நிறுத்துங்கள். சுழியம் முதல் 9999 வரை என்று அகலமாக விரித்துவிட்டால், செய்தவர் பின்னால் திருத்திக்கொண்ட நல்ல சாதனமும் பழைய பழியைச் சுமக்கும். என்ன கண்டீர்கள் என்பதை வரியின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். சாதனம் உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த பத்தாண்டுகளில் அந்த வரியைப் பார்க்கப்போகிற பராமரிப்பாளர் எவர் கையிலும் அது இருக்கப்போவதில்லை. காரணம் எழுதப்படாத வரியை நீக்கத் துணிவார் யார்? இப்படி நீக்கமுடியாமல் தங்கிப்போன வரிகள் எல்லா இயங்குதளங்களிலும் உண்டு. இதற்கென்றே லினக்ஸின் யு.எஸ்.பி. சேமிப்பு இயக்கியில் ஓர் அழகான ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். அட்டவணையின் வரியில் சொல்லப்பட்ட மாற்றம், செருகப்பட்ட சாதனத்துக்குத் தேவையில்லை என்று இயக்கிக்குத் தெரிந்தால், இந்தச் சாதனத்துக்கு இந்த வரி வேண்டியதில்லை, இந்தச் செய்தியின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள் என்று பதிவில் எழுதுகிறது.

நிரல் எழுதாதவர்களும் இதில் பங்குகொள்ளலாம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். யு.எஸ்.பி. பெட்டியில் வைத்த எஸ்.எஸ்.டி. டிஸ்க்கிலிருந்து ராஸ்பெரி பை 4ஐ இயக்குகிறவர்களில் பலர், யு.ஏ.எஸ். என்ற வேகமான முறை அந்தப் பெட்டியின் சிப்பில் சரியாக நடவாமல், கணினி நின்று நின்று ஓடுவதைக் கண்டிருப்பார்கள். தொடக்கக் கட்டளை வரியில் யு.எஸ்.பி. சேமிப்பு இயக்கியின் ‘குவிர்க்ஸ்’ என்ற அளவுருவுக்கு நேரே, கம்பெனி எண், மாதிரி எண், அவற்றின்பின் ‘யு’ என்ற ஓரெழுத்து ஆகிய மூன்றையும் முக்காற்புள்ளியிட்டு எழுதினால், அந்தப் பெட்டிக்கு மட்டும் பழைய நிதானமான முறை மேற்கொள்ளப்படும். முதலில் பார்த்த கொள்ளளவுக் கோணலுக்கு ‘சி’ என்ற எழுத்து. கெர்னலைத் தொடாமலே, தம் சாதனத்துக்குத் தாமே எழுதிக்கொள்ளும் புறனடை இது. அது பலித்தால் அத்தோடு நின்றுவிடாதீர்கள். சாதனத்தின் இரண்டு எண்கள், திருத்த எண், செருகிய கணம் முதல் பதிவில் வந்த செய்திகள், எந்த எழுத்து பலித்தது, வேறு கேபிளிலும் வேறு கணினியிலும் அதே கோளாறு நேர்ந்ததா என்பவற்றை எழுதி, அந்த இயக்கியைப் பராமரிப்பவருக்கு அனுப்பிவையுங்கள். கேபிளை மாற்றிப் பார்த்த விவரத்தை மட்டும் மறவாமல் எழுதுங்கள்; அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.